சுவர் ஏன் கொட்டுகிறது? வடசென்னை வீடுகளுக்குப் பூச்சு வைத்தியம்

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, காசிமேடு பக்கம் சின்னச் சின்ன ரிப்பேர் வேலைகளை எடுத்துச் செய்கிறேன். போன் வந்தால் முதல் வாக்கியம் பெரும்பாலும் ஒன்றுதான்: "தம்பி, போன வருஷம்தான் பூசினோம், மறுபடி கொட்டுது." என்ன பூசினீர்கள் என்று கேட்டால், "சிமென்ட்தான், ஸ்ட்ராங்கா இருக்கட்டும்னு" என்பார்கள். பாதி நோய் அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.

எனக்கு வேலை சொல்லிக் கொடுத்த மேஸ்திரி கொட்டுகிற இடத்தை முதலில் பார்க்கவே மாட்டார். வீட்டைச் சுற்றி ஒரு நடை நடப்பார். தண்ணீர் எங்கிருந்து சுவருக்குள் போகிறது, எந்த வழியாக வெளியே வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் கரணையை, அதாவது பூசுகிற கரண்டியை, தொடுவார். கீழே ஒவ்வொரு அறிகுறியாகச் சொல்கிறேன். உங்கள் வீட்டுக்குப் பொருந்துவதை மட்டும் படித்தால் போதும். ஆனால் இந்த முதல் பகுதியை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.

முதலில், உங்கள் சுவர் எது?

ஒரு ஆணியோ பழைய கத்தியோ போதும். அலமாரிக்குப் பின்னால், கண்ணில் படாத மூலையில் பெயின்டைச் சுரண்டி உள்ளே போங்கள். கிரீச்சென்று சத்தம் போட்டுச் சாம்பல் நிறத் தூள் வந்தால் சிமென்ட். பால்வெள்ளையாகவோ, செங்கல்தூள் கலந்து இளஞ்சிவப்பாகவோ, சாக்பீஸைச் சுரண்டுவதுபோல் சுலபமாக வந்தால் சுண்ணாம்புக் காரை. பழுப்பாக வந்து, ஈரவிரலில் தேய்த்தால் சேறாகக் குழைந்தால் மண்.

மண்ணடி, ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை வீடுகளில் இவை மூன்றும் ஒரே சுவரில் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். செங்கல்லுக்கு நடுவே மண்சாந்து, மேலே காரை, அதற்கும் மேலே எந்த மகராசனோ போட்ட சிமென்ட். சுவர் ஓரடிக்கு மேல் தடிமன், செங்கல் இப்போதைய கல்லைவிட மெல்லிசு, மேலே தேக்கு உத்திரத்தில் செங்கல்லைக் குத்தாக அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் என்றால், அடியில் இருப்பது காரைதான் என்று வைத்துக்கொண்டே ஆரம்பிக்கலாம்.

காரையும் மண்ணும் ஈரத்தை வாங்கும், காற்றடித்தால் வெளியே விட்டுவிடும். சிமென்ட் அவ்வளவு சுலபமாக விடாது. மெத்தென்ற பழைய செங்கல்லின் மேல் கெட்டியான பூச்சைப் போட்டால், உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் செங்கல்லைத்தான் தின்னும்.

அடிச்சுவர் உதிர்கிறது, வெள்ளையாகப் பூக்கிறது

வடசென்னையின் குலநோய் இது. தரையிலிருந்து முழங்கால் உயரம், சில வீடுகளில் இடுப்பு உயரம் வரை பெயின்ட் பொருக்குத் தட்டும். காலையில் பெருக்கினால் ஒரு கைப்பிடித் தூள். சுவரில் பஞ்சுபோல வெள்ளைப் பூ. "கடல் பக்கம், உப்புக்காத்து, அப்படித்தான் இருக்கும்" என்று எல்லோரும் காற்றின் மேல் பழியைப் போட்டுவிடுவார்கள். காற்றிலும் உப்பு உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கீழே அதிகம், மேலே ஒன்றுமில்லை என்றால் உப்பு தரையிலிருந்து ஏறுகிறது. அதற்குப் பெயர் ஓதம். நம் பக்கத்தில் நிலத்தடி நீரே பல தெருக்களில் உப்பு. மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் ஏறிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன.

செங்கல் விளக்குத்திரி மாதிரி நீரை உறிஞ்சி மேலே ஏற்றும். நீர் காற்றில் போய்விடும், உப்பு சுவரிலேயே தங்கிவிடும். துளைகளுக்குள் அந்த உப்பு படிகமாகக் கட்டும்போது நெம்பித் தள்ளுகிறது. பூச்சு கொட்டுவது அதனால்தான்.

இதை நான் கற்றுக்கொண்டது என் பாட்டி வீட்டில், அசிங்கப்பட்டு. தொழிலுக்கு வந்த புதுசு. அடிச்சுவரின் பழைய காரையை மூன்றடி உயரத்துக்குப் பெயர்த்தேன். சிமென்ட் ஒன்றுக்கு மணல் நாலு என்ற கலவையில் வாட்டர்ப்ரூஃப் மருந்து வேறு ஊற்றி, மணியாஸ் கட்டையால் (பூச்சைத் தேய்த்துச் சமன் செய்கிற கட்டை) இழைத்து இழைத்து விட்டேன். கண்ணாடி மாதிரி இருந்தது. பூசியது ஆடியில். தை மாதம் போய்ப் பார்த்தால் என் மூன்றடி கல்லுமாதிரி நிற்கிறது, அதற்கு மேலே ஐந்தடி வரை காரை கொட்டிக்கொண்டிருக்கிறது. ஈரத்துக்குக் கீழே வழியில்லை, அதனால் மேலே போய் வழி தேடியிருக்கிறது. பாட்டி சொன்னது: "கால்ல இருந்த நோவை இடுப்புக்கு ஏத்திட்டியேடா."

மேஸ்திரியைக் கூட்டிவந்தேன். ஒரு பொருக்கைப் பெயர்த்தார், உள்பக்கத்தை நாக்கு நுனியில் வைத்தார், துப்பினார். "கருவாடு" என்றார். அவ்வளவுதான் பரிசோதனை. நீங்கள் நக்கிப் பார்க்க வேண்டாம், பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். வெள்ளைப் பூவைச் சுரண்டி ஒரு டம்ளர் நல்ல தண்ணீரில் போட்டால் போதும். கரைந்து காணாமல் போனால் உப்பு. கரையாமல் அடியில் தங்கினால் சுண்ணாம்புத் தூள். சுரண்டும்போதே விரலில் ஈசிக்கொண்டு பூசண வாடை அடித்தால், அது வேறு கதை: பூஞ்சை, காற்றோட்டம் இல்லாத அறை.

சரி, வைத்தியம். முதலில் தண்ணீரை நிறுத்துங்கள். குளியலறைக் குழாய், சுவரை ஒட்டி ஓடும் சாக்கடை, வாசலில் சுவரை அணைத்துப் போட்ட சிமென்ட் மேடை, இவை மூன்றில் ஒன்று அகப்படும். தெருவையும் பாருங்கள். ரோடு மேல் ரோடு போட்டு, ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன வீட்டுக்குள் இப்போது ஒரு படி இறங்கிப் போகிற தெருக்கள் நம்மிடம் நிறைய. அங்கே சுவரின் அடி ரோட்டுக்குள் புதைந்திருக்கும். சுவரை ஒட்டி ஒரு முழ அகலத்துக்காவது சிமென்ட்டைப் பெயர்த்து ஜல்லி கொட்டி வையுங்கள். ஈரம் அங்கேயே வெளியேறட்டும்.

அப்புறம், கடைசியாக அறிகுறி தெரிகிற உயரத்துக்கு மேலே இன்னும் ஓரடி சேர்த்துப் பூச்சைப் பெயர்க்க வேண்டும். பிரேக்கர் மெஷின் வேண்டாம், மண்சாந்துச் சுவர் ஆடிப்போகும். உளியும் சுத்தியும் போதும். செங்கல் இடுக்குகளை அரை அங்குலம் தோண்டிவிடுங்கள். உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து முறத்தில் வாங்கி வெளியே கொட்டுங்கள். ஹோஸ் பைப்பை வைத்துக் கழுவுகிறவர்கள் உப்பைக் கரைத்துத் திரும்பச் சுவருக்குள் அனுப்புகிறார்கள்.

பெயர்த்த சுவரை அப்படியே விடுங்கள். மாசியில் பெயர்த்தால் ஆடி வரை காயலாம். வாரம் ஒரு தடவை பிரஷ். வீட்டுக்காரர்கள் ஒத்துக்கொள்ளாத இடம் இதுதான்: "செங்கல்லைக் காட்டிக்கிட்டு எப்படிப்பா விசேஷம் வைக்கிறது?" நியாயம்தான். அவசரம் என்றால் பழைய நியூஸ் பேப்பரை நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கி, அரை அங்குலத்துக்கு அப்பிவிடுங்கள். காயக் காய உப்பு கூழுக்குள் வந்துவிடும். தானாகப் பெயர்ந்து வரும்போது எடுத்து எறிந்துவிட்டு இன்னும் இரண்டு தடவை செய்யலாம். முழுவதும் போகாது, கணிசமாகக் குறையும்.

பூசுவது சுண்ணாம்பு ஒரு பங்கு, அலசிய மணல் மூன்று பங்கு. மணலில் கொஞ்சத்தைக் குறைத்துச் செங்கல்தூள் சேர்த்தால் ஈரத்திலும் இறுகும். கடற்கரை மணல் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். போர்வெல் தண்ணீரில் கலக்காதீர்கள், மெட்ரோ தண்ணீர் லாரி வரும் நாளில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரில் குழைப்பது பழைய வழக்கம். கலவை கரணையில் வழுவழுவென்று நிற்கும், சட்டென்று நீரை இழக்காது. ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மேல் ஏற்றாதீர்கள். முதல் பூச்சு நகம் பதியாத அளவுக்கு இறுகிய பிறகுதான் அடுத்தது. ஒரு வாரம் பத்து நாள் ஆகும். காரை காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் இறுகுகிறது, அதனால் அவசரப்படுத்த முடியாது. வெயில் நேரே படுகிற சுவர் என்றால் ஈரச்சாக்கைத் தொங்கவிடுங்கள்.

மேலே வெள்ளையடிப்பு மட்டும். பட்டி, எமல்ஷன், டைல்ஸ் மூன்றும் கூடாது. ஜிப்சம் பூச்சை இந்தச் சுவருக்குப் பக்கத்தில் கூடக் கொண்டுபோகாதீர்கள், ஈரத்தில் அது கரைந்து குழைந்துவிடும். சுவரில் துளை போட்டு மருந்து ஏற்றும் முறையையும் கேட்பீர்கள். புதுச் செங்கல் சுவருக்குச் சரி. மண்சாந்துத் தடிச்சுவரில் மருந்து ஒரே சீராகப் பரவாது என்பது என் அனுபவம், நான் அதை எடுத்துச் செய்வதில்லை.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சில வருஷத்தில் அந்த அடிக்காரை மறுபடி உதிரும். உதிரட்டும். உப்பைத் தான் வாங்கிக்கொண்டு செங்கல்லைக் காப்பாற்றத்தான் அது அங்கே இருக்கிறது. பாட்டி வீட்டில் இரண்டு தடவை மாற்றிவிட்டேன், செங்கல் முழுசாக இருக்கிறது.

மழையே இல்லை, சுவர் வேர்க்கிறது

"இன்னாபா, சுவத்துக்குக் கூட வேர்க்குது" என்று காசிமேட்டில் ஒரு அக்கா கூப்பிட்டார். பங்குனி மாதம், குழாய் ஒழுக்கு எதுவும் இல்லை. சுவரில் மேப் போட்டதுபோல் கறுப்புத் திட்டுகள். காலையில் ஈரம், மத்தியானம் காய்ந்துவிடும், மறுபடி இரவில் ஈரம்.

உப்பு டப்பாவைத் திறந்து வைத்தால் நசநசக்கிற அதே சமாச்சாரம். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையும். நம் கடலோரத்தில் விடிகாலையில் அதைத் தாண்டுவது சாதாரணம். சுவருக்குள் உப்பு இருந்தால் சுவரும் அதையே செய்யும். இதற்கு வாட்டர்ப்ரூஃப் செலவு வீண். மேலே சொன்ன உப்பு எடுக்கும் வேலைதான்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று உறுதி செய்ய, ஒரு முழச் சதுர பாலிதீன் ஷீட்டை நாலு ஓரமும் டேப் ஒட்டிச் சுவரில் ஒரு நாள் விடுங்கள். ஷீட்டின் உள்பக்கம் நீர்த்துளி கோத்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. உள்ளே காய்ந்திருந்து வெளிப்பக்கம் நனைந்தால் அறைக்காற்றின் ஈரம்.

அம்மை போட்டதுபோல் கொப்புளம், நடுவில் வெள்ளைப் பொட்டு

புதுக் காரை பூசிச் சில வாரம், சில சமயம் சில மாதம் கழித்து, பட்டாணி அளவுக்குக் கூம்பாகத் தெறித்து விழும். குழியின் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். நீர்க்காத சுண்ணாம்புக் கட்டி அது. பூச்சுக்குள் போன பிறகு மெதுவாக நீரை வாங்கி ஊதித் தெறிக்கிறது.

ஒன்றிரண்டு என்றால் புள்ளியைத் தோண்டி எடுத்துவிட்டு அடைக்கலாம். சுவர் முழுக்க என்றால் மேல்பூச்சைப் பெயர்க்கத்தான் வேண்டும். அடுத்த தடவை, சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டு (தண்ணீரில் சுண்ணாம்பை, சுண்ணாம்பில் தண்ணீரை அல்ல) கொதி அடங்கியதும் மெல்லிய சல்லடையில் வடித்து, மேலே நீர் நிற்கும்படி குறைந்தது இரண்டு வாரம் மூடிவையுங்கள். வெண்ணெய்போல் ஆகும். கொதிக்கும்போது கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். கண்ணாடி போடாமல் செய்யாதீர்கள். பட்டுவிட்டால் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

எண்ணூர்க் கழிமுகத்திலும் பழவேற்காட்டு ஏரியிலும் அள்ளிய கிளிஞ்சலைச் சுட்டுத்தான் ஒரு காலத்தில் இந்த ஊருக்கே சுண்ணாம்பு. முட்டை வெள்ளைக்கரு, தயிர், நெய் எல்லாம் சேர்த்துக் கடைசிப் பூச்சைக் கூழாங்கல்லால் தேய்ப்பார்கள். பளிங்குபோல் மின்னுகிறது என்று வெள்ளைக்காரர்கள் எழுதிவைத்த மெட்ராஸ் சுண்ணாம்பு அதுதான். இப்போது அந்தக் கைப்பழக்கம் உள்ளவர்களைத் தேடிப்பிடிக்க வேண்டும். நான் செய்து பார்த்தேன், மின்னவில்லை. மழமழவென்று இருந்தது, அவ்வளவுதான்.

தட்டினால் பொத்து பொத்தென்று கேட்கிறது

விரல் கணுவால் தட்டுங்கள். நல்ல பூச்சு டொக்கென்று சொல்லும். பூச்சு சுவரை விட்டு எழும்பியிருந்தால் காலிப் பெட்டிச் சத்தம். சுவரை நனைக்காமல் பூசியிருப்பார்கள், தூசியைத் தட்டாமல் பூசியிருப்பார்கள், அல்லது வழுவழுப்பான கான்கிரீட் தூணில் கொத்து விடாமல் (உளியால் கொத்திச் சொரசொரப்பாக்காமல்) பூசியிருப்பார்கள். ஒரே தடவையில் ஒன்றரை அங்குலம் ஏற்றியதும் காரணமாகலாம்.

சத்தம் கேட்கிற எல்லையைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். உள்ளங்கை அளவுதான், வெடிப்பும் இல்லை என்றால் சும்மா விடலாம். தலைக்கு மேலே, சீலிங்கில் இருந்தால் அளவு பார்க்காமல் இன்றைக்கே தட்டி இறக்குங்கள். மற்ற இடத்தில் வட்டத்தைச் சதுரமாக வெட்டி எடுத்து, முந்தின நாளே சுவரை நனைத்து, கான்கிரீட் என்றால் கொத்து விட்டு, பழையது எந்தக் கலவையோ அதே கலவையால் அடையுங்கள். சிமென்ட் சுவருக்கு உள்ளே ஒன்றுக்கு ஆறு, அரை அங்குலம். வெளியே ஒன்றுக்கு நாலு, இரண்டு தடவையாக முக்கால் அங்குலம். சீலிங்குக்கு ஒன்றுக்கு மூன்று, கால் அங்குலத்துக்கு மேல் வேண்டாம்.

வெடிப்பு

எந்த மாதிரி வெடிப்பு என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம்.

வறண்ட ஏரிபோல் மெல்லிய வலைக்கோடுகள் என்றால் பூச்சு வேகமாகக் காய்ந்திருக்கிறது. சிமென்ட் அதிகம், எம்-சாண்டில் (கல்லை உடைத்துச் செய்கிற மணல்) பவுடர் அதிகம், கத்திரி வெயில், கடல்காற்று, இவற்றில் ஏதோ ஒன்று. சுவர் விழாது. வெள்ளையடிப்பை இரண்டு கை கூட அடித்தால் மூடிவிடும்.

தூணும் செங்கல்லும் சேருகிற இடத்தில் நேர்கோடு என்றால், இரண்டும் வெவ்வேறாக விரிந்து சுருங்குகின்றன. கோட்டின் இருபக்கமும் அரையடி பெயர்த்து, சிக்கன் மெஷ் (கோழிக்கூண்டுக் கம்பிவலை) அடித்துப் பூசுங்கள். மெஷ்ஷை ஆணியடித்து இழுத்துக் கட்ட வேண்டும். கடலோரத்தில் கால்வனைஸ் செய்யாத மெஷ் துருவேறி அதுவே அடுத்த வெடிப்பாகும்.

ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் படிக்கட்டுபோல் போகிற வெடிப்புக்குப் பூச்சு வைத்தியம் கிடையாது. வெடிப்பின் இரண்டு முனையிலும் பென்சில் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைச் சிமென்ட் வைத்து ஒட்டுங்கள். மழைக்காலம் ஒன்று போகட்டும். கண்ணாடி உடைந்தாலோ, கோடு தாண்டினாலோ, கதவு பிடிக்க ஆரம்பித்தாலோ இன்ஜினியரைக் கூப்பிடுங்கள், என்னைக் கூப்பிடாதீர்கள்.

கை வைத்தால் மணலாகக் கொட்டுகிறது

உப்பும் இல்லை, ஈரமும் இல்லை, ஆனாலும் தேய்த்தால் மணல். இது தண்ணீர் காட்டாத குற்றம். சிமென்ட் பூச்சுக்குக் குறைந்தது ஏழு நாள் தண்ணீர் வேண்டும். நம் ஆட்கள் இரண்டு நாளில் நிறுத்திவிடுவார்கள். காலையில் கலந்ததைச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் தெளித்துப் புரட்டிப் பூசினாலும் இதே கதி. கலந்த சிமென்ட்டை ஒரு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். பெயர்த்துப் பூசுவதைத் தவிர வழியில்லை.

மண்பூச்சு வெடிக்கிறது, கரைகிறது

நகருக்குள் மண்பூச்சு அரிது. பொன்னேரி, பழவேற்காடு பக்கம் போனால் உண்டு. இப்போது மாடியில் அறை போட்டு மண்ணில் பூசிக் கேட்கிறவர்களும் வருகிறார்கள், எனக்குச் சந்தோஷம்தான்.

வெடித்தால் களி அதிகம். கொட்டினால் மணல் அதிகம். கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கி வையுங்கள். மணல் உடனே அடியில் உட்காரும், வண்டல் ஒரு மணி நேரத்தில், களி மறுநாளுக்கு மேல் ஆகும். பாட்டில் இல்லையென்றால், பிசைந்த மண்ணைப் பென்சில் தடிமனுக்கு உருட்டி விரலில் தொங்கவிடுங்கள். விரல் நீளம் கூட நிற்காமல் முறிந்தால் களி போதாது. கயிறுபோல் தொங்கிக் கையில் ஒட்டிக்கொண்டால் மணல் சேருங்கள். களிமண் ஒன்றுக்கு மணல் இரண்டு என்று தொடங்கி, சுவரில் முழம் முழமாக நாலைந்து கலவை பூசிப் பார்த்து முடிவு செய்வதுதான் என் வழக்கம். பொடியாக வெட்டிய வைக்கோல் போட்டு நாலு நாள் ஊறவிட்டால் நன்றாகப் புளித்து இழுபடும்.

செங்குன்றத்துச் செம்மண் நிறத்துக்கும் பிடிப்புக்கும் நல்லது, ஊர்ப் பெயரிலேயே இருக்கிறதே. பக்கிங்ஹாம் கால்வாய் ஓரத்தில் வெண்ணெய் மாதிரிக் கறுப்புக் களி கிடைக்கும், ஆசைப்படாதீர்கள். அது உப்பும் சாக்கடையும். மழை நேரே அடிக்கிற வெளிச்சுவரில் மண் கரைகிறது என்றால் குறை மண்ணில் இல்லை, தாழ்வாரம் குட்டை. கூரையை இரண்டடி நீட்டிவிட்டு, மேலே சாணமும் சுண்ணாம்பும் கலந்த கைப்பூச்சு ஒன்று கொடுங்கள். மண்குழாய்போல் சுவரில் கோடு ஓடினால் கறையான்; பூசுவதற்கு முன் அதைத் தரையிலேயே கவனித்தாக வேண்டும்.

எண்ணெய்க் கறை மறுபடி மறுபடி வருகிறது

இது எண்ணூர், எர்ணாவூர்ப் பக்கத்துக்கு மட்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து வீடுகளுக்குள் புகுந்ததல்லவா, அந்தக் கோடு எத்தனை தடவை பெயின்ட் அடித்தாலும் மஞ்சளாக மேலே வரும். எண்ணெய் ஊறிய பூச்சில் எதுவும் பிடிக்காது. சோப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் போட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டார்கள். கறைக்கு மேலே அரையடி சேர்த்துப் பெயர்த்துவிடுங்கள். பிறகு செங்கல்லில் ஒரு கை தண்ணீர் தெளியுங்கள். உறிஞ்சினால் பூசலாம். முத்து முத்தாக உருண்டு ஓடினால் எண்ணெய் கல்லுக்குள்ளும் போயிருக்கிறது. அந்தக் கற்களை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்து, புதுக்கல் வைத்துக் கட்டிவிட்டுப் பூசுங்கள்.